கூடித் தேடுதல்: ஒரு கிணறு கற்பித்த பாடம்

(மேல்வகுப்பு மாணவர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும்)

யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் ஒரு குடும்பத்தின் சொத்தை மூவகையாகப் பிரித்துக் கூறும். முன்னோர் வழியாக வந்தது முதுசம். பெண்ணுக்குத் திருமணத்தின்போது கொடுக்கப்படுவது சீதனம். கணவனும் மனைவியும் கூடி வாழுங் காலத்தில் ஈட்டிக்கொள்வது தேடிய தேட்டம். இந்தத் தேடிய தேட்டத்தில் இருவருக்கும் பங்குண்டு என்பது அச்சட்டத்தின் கருத்து.

அறிவையும் நாம் இவ்வாறே வகுத்துப் பார்க்கலாம். பெற்றோர் சொல்லித் தருவதும் ஆசிரியர் கற்பிப்பதும் முதுசம் போன்றவை. அவை பிறர் முயற்சியால் நம் கைக்கு வருகின்றன. ஆனால் எவரிடமும் முழுமையாக இல்லாத ஓர் உண்மையைச் சிலர் ஒன்றுகூடித் தேடிக் காண்பார்களாயின், அதுவே அவர்களின் தேடிய தேட்டம். அதில் அனைவருக்கும் பங்குண்டு. அவர்களுள் எவரும் தனித்து நின்று அதனைப் பெற்றிருக்க இயலாது.

அன்பார்ந்த மாணவர்களே! நால்வர் கொண்ட குழுவாகப் பிரிந்து ஒரு விடயத்தைத் தேடி வருமாறு உங்களுக்கு ஒப்படை தரப்படுகின்றது. நால்வரும் வீட்டுக்குச் செல்கிறீர்கள். நால்வரும் கணினியிலோ கைத்தொலைபேசியிலோ ஒரே சொல்லைத் தட்டுகிறீர்கள். நால்வருக்கும் ஒரே பக்கம் முதலில் வருகின்றது. அடுத்த சனிக்கிழமை நான்கு தாள்களிலும் ஒரே செய்தியைக் காண்கிறேன். இது நால்வர் தேடியது ஆகாது. ஒருவர் நான்கு முறை தேடியதே ஆகும். எட்டுக் கண்கள் இருந்தும் இரண்டு கண்கள் கண்டதற்கு மேல் எதுவும் காணப்படவில்லை.

அவ்வாறாயின் கூடித் தேடுதல் என்பது யாது? இதற்கு விடையாக, இற்றைக்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டன் மாநகரின் ஒரு தெருவில் நடந்த ஒரு தேடலை இங்கே எடுத்துக் கூற விரும்புகின்றேன்.

புரோட் வீதியில் நடந்தது

1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 31ஆம் நாள். இலண்டனின் சோஹோ பகுதியிலுள்ள புரோட் வீதியையும் அதனைச் சூழ்ந்த ஒழுங்கைகளையும் கொலரா என்னும் வாந்திபேதி நோய் திடீரெனத் தாக்கியது. காலையில் நலமாக இருந்தவர் மறுநாட் காலையில் பிணமாகக் கிடந்தார். பத்து நாட்களுள் ஏறத்தாழ 500 பேர் மாண்டனர். இறுதியில் அத்தொகை 600ஐத் தாண்டியது. போகக்கூடியவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடிவிட்டனர்.

நோய்க்குக் காரணம் என்ன? அக்காலத்து அறிஞருட் பெரும்பாலானோர், அழுகிய பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றே காரணம் என நம்பினர். குப்பை நாறும் இடங்களிலே நோயும் மிகுந்திருந்தமையால் அந்நம்பிக்கை உறுதிபெற்றிருந்தது. நோய்க்கிருமியைப் பற்றிய அறிவு அன்று பரவியிருக்கவில்லை. 

ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் ஒருவர் வேறொரு கருத்தை 1849ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டிருந்தார். நோயாளியின் கழிவிலுள்ள ஏதோவொன்று குடிநீரிற் கலந்து, அந்நீரைக் குடித்தவரைத் தாக்குகின்றது என்பதே அவர் கருத்து. அவர் ஒரு கூலித் தொழிலாளியின் மகன். மயக்க மருந்து கொடுப்பதில் வல்லவராகி, 1853ஆம் ஆண்டில் விக்ரோறியா மகாராணியின் பிரசவத்தின்போது குளோரபோம் கொடுக்குமளவுக்கு உயர்ந்தவர். ஆயினும் கொலரா பற்றிய அவரது கருத்தை ஏற்றவர் மிகச் சிலரே.

புரோட் வீதியின் நடுவே ஒரு கிணறும், கையால் இயக்கி நீரெடுக்கும் பம்பியும் இருந்தன. அந்நீர் சுவையானது என்று பெயர் பெற்றிருந்தது. ஸ்னோவின் ஐயம் அதன்மேல் விழுந்தது. ஐயம் வேறு, அறிவு வேறு. ஐயத்தை அறிவாக்குவதற்கு அவருக்குப் பிறருடைய துணை தேவைப்பட்டது.

முதலாவது கதவு: ஏட்டைக் காத்தவர்

பிறப்பு இறப்புப் பதிவாளர் நாயகத்தின் அலுவலகத்திலே வில்லியம் ஃபார் என்பவர் புள்ளிவிபரங்களைத் தொகுத்து வந்தார். யார், எங்கே, எந்நாளில், எந்நோயால் இறந்தார் என்னும் குறிப்புகள் வாரந்தோறும் அவரிடம் வந்து சேரும். அவரும் கெட்ட காற்றுக் கொள்கையின் பக்கம் சாய்ந்தவரே. ஸ்னோவின் கருத்தை அவர் அப்போது முழுதாக ஏற்கவில்லை. இருப்பினும் ஸ்னோ வந்து கேட்டபோது ஏட்டைத் திறந்து காட்டினார். ஒருவருடைய கருத்தை ஏற்காவிடினும் அவர் உண்மையைத் தேடுவதற்குத் துணைநிற்கலாம் என்பதற்கு இதனைவிட நல்ல எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

அந்த ஏட்டிலிருந்து ஸ்னோ 83 மரணங்களைக் குறித்துக்கொண்டார். பின்னர் தெருத்தெருவாக நடந்து, படியேறி, ஒவ்வொரு வீட்டிலும் விசாரித்தார். 83 பேருள் 73 பேர் புரோட் வீதிப் பம்பிக்கு அண்மையில் வாழ்ந்தவர்கள். அவர்களுள் 61 பேர் அந்நீரைக் குடித்தவர்கள் எனத் தெரிந்தது. 6 பேர் குடிக்கவில்லை என வீட்டார் கூறினர். மற்றைய 6 பேரைப் பற்றிச் சொல்ல எவரும் எஞ்சியிருக்கவில்லை. அல்லது இருந்தவருக்குத் தெரியவில்லை. இவ்விரண்டு ஆறுகளையும் ஸ்னோ மறைக்காமல் எழுதிவைத்தார்.

எஞ்சிய 10 பேரோ வேறொரு பம்பிக்கு அண்மையில் வாழ்ந்தவர்கள். இங்கே ஸ்னோவின் கருத்து பொய்த்துவிட்டதோ என்று தோன்றும். அவர் அந்தப் பத்து வீடுகளைப் பற்றியும் விசாரித்தார். அவர்களுள் ஐவருடைய குடும்பங்கள் வழக்கமாகவே புரோட் வீதிக்கு ஆளனுப்பி நீர் எடுப்பித்தவை. இன்னும் மூவர், அப்பம்பிக்கு அருகேயிருந்த பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகள்.

இரண்டாவது கதவு: இறவாதவர்கள்

நோய் வந்த இடத்தை மட்டும் பார்ப்பவர் பாதியையே பார்க்கிறார். வரவேண்டிய இடத்தில் ஏன் வரவில்லை என்றும் கேட்கவேண்டும்.

போலண்ட் வீதியிலே வறியோருக்கான தொழிலில்லம் ஒன்று இருந்தது. சுற்றிலும் மரணம் மலிந்திருக்க, அங்கிருந்த 535 பேருள் 5 பேரே கொலராவால் இறந்தனர். அந்த இல்லத்திற்குச் சொந்தக் கிணறு இருந்தது. வெளியிலிருந்து குழாய்நீரும் வந்தது. புரோட் வீதிப் பம்பியை அவர்கள் நாடவேயில்லை. அவ்வீதியிலேயே பியர் தயாரிக்கும் ஆலை ஒன்றில் 70 இற்கும் மேற்பட்டோர் தொழில் செய்தனர். அவர்களுள் ஒருவரும் கொலராவால் இறக்கவில்லை. அவர்களுக்கு ஆலையிலே பியர் இலவசமாகக் கிடைத்தது. ஆலைக்கென ஆழ்கிணறும் இருந்தது. அதே வீதியில் துப்பாக்கிக்கு வேண்டிய வெடிமூடி செய்த தொழிற்சாலையிலோ, தொழிலாளர் குடிப்பதற்கெனப் புரோட் வீதி நீரைத் தொட்டிகளில் நிரப்பி வைத்திருந்தனர். அங்கு சுமார் 200 பேருள் 18 பேர் மாண்டனர்.

மூன்று இடங்களிலும் காற்று ஒன்றுதான். நீரே வேறு.

இன்னுமொரு செய்தி இறந்துபோன ஒரு மூதாட்டியின் மகன் வாயிலாகக் கிடைத்தது. அவ்வம்மையார் சில கல் தூரத்திலுள்ள ஹம்ஸ்ரெட் பகுதியில் வாழ்ந்த விதவை. முன்னர் புரோட் வீதியில் இருந்தவராதலால் அந்நீரின் சுவையை விரும்பினார். நாள்தோறும் ஒரு போத்தலில் அந்நீர் வண்டிமூலம் அவருக்குச் சென்றது. ஆகஸ்ட் 31ஆம் நாள் சென்ற நீரைக் குடித்து அவர் இறந்தார். அவரைப் பார்க்க வந்து அதே நீரைப் பருகிய பெறாமகளும் இஸ்லிங்ரன் பகுதியிலுள்ள தம் வீட்டுக்குத் திரும்பிய பின் இறந்தார். அவ்விரு இடங்களிலும் அப்போது கொலரா இருக்கவில்லை.

செப்டெம்பர் 7ஆம் நாள் மாலை, கோயிற்பற்றின் பொறுப்பாளர்கள் கூடியிருந்த சபையில் ஸ்னோ தம் சான்றுகளை முன்வைத்தார். மறுநாள் பம்பியின் கைபிடி கழற்றப்பட்டது.

மூன்றாவது கதவு: மறுக்க வந்தவர்

பொதுவாக இக்கதை இவ்விடத்திலே முடிந்துவிடும். ஸ்னோ ஒரு படம் வரைந்தார், காரணத்தைக் கண்டார், கைபிடி அகன்றது, நோய் நின்றது என்று சுருக்கிச் சொல்லிவிடுவர். உண்மை அதுவன்று. அந்தப் புகழ்பெற்ற படம் பிற்பாடு, கண்டதைப் பிறருக்கு விளக்குவதற்காக வரையப்பட்டது. கைபிடி கழற்றப்படுமுன்னரே மக்கள் பலர் ஓடிவிட்டதாலும் பிற காரணங்களாலும் நோய் தணியத் தொடங்கிவிட்டது. ஸ்னோவே இதனை ஒப்புக்கொண்டு எழுதியுள்ளார். அறிஞர் சபைகளும் அவர் முடிவை ஏற்கவில்லை. தேடல் இன்னும் முடியவில்லை.

அந்தப் பகுதியின் புனித லூக்கா ஆலயத்திலே ஹென்றி வைற்ஹெட் என்னும் உதவிக் குருவானவர் பணியாற்றினார். அவருக்கு அப்போது முப்பது வயது நிரம்பவில்லை. நோய் பரவிய நாட்களில் வீடு வீடாகச் சென்று மரணப்படுக்கையில் இருந்தோரருகே அமர்ந்திருந்தவர். ஸ்னோவின் கருத்தைக் கேள்வியுற்றபோது அது தவறு என்றே அவர் எண்ணினார். அந்நீரைக் குடித்தும் பிழைத்தவர்களை அவர் அறிவார். நன்றாக விசாரித்தால் ஸ்னோவின் கருத்து பொய்யென எளிதில் நிறுவிவிடலாம் என்று அவர் நம்பினார்.

1854ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கோயிற்பற்றுச் சபை ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதில் ஸ்னோவும் இருந்தார். அவரை மறுக்க எண்ணிய வைற்ஹெட்டும் இருந்தார். இந்தச் சேர்க்கையே அக்குழுவின் பலமாயிற்று.

ஸ்னோவுக்குக் கல்வி இருந்தது. ஆனால் அம்மக்களுக்கு அவர் அந்நியர். வைற்ஹெட்டுக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் அவருக்குத் திறவாத கதவு அப்பகுதியில் இல்லை. ஊரைவிட்டுப் போனவர்கள் எங்கே போயினர் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரே வீட்டுக்கு மூன்று, நான்கு முறை மீண்டும் மீண்டும் சென்றார். முதன்முறை "குடிக்கவில்லை" என்றவர், பின்னொரு நாள் ஆறுதலாகப் பேசும்போது, பிள்ளை இரவில் நீர் எடுத்து வந்ததை நினைவுகூர்ந்ததும் உண்டு. இறந்தவர்களைப் பற்றி மட்டுமன்றி, நோய் வராதவர்கள் என்ன குடித்தார்கள் என்றும் அவர் கேட்டார். புரோட் வீதியில் வாழ்ந்தோருள் அந்நீரைக் குடித்தவர் 137 பேர். அவர்களுள் 80 பேருக்கு நோய் வந்தது. குடிக்காதவர் 297 பேர். அவர்களுள் 20 பேருக்கே நோய் வந்தது.

மறுக்க வந்தவர் மெல்ல மெல்ல, மனமில்லாமலே, ஸ்னோ கூறியது சரியென்னும் முடிவுக்கு வந்து சேர்ந்தார். ஆயினும் அவர் மனத்தில் ஒரு கேள்வி எஞ்சியது. நோயாளிகளின் கழிவே கிணற்றைக் கெடுத்ததாயின், நோயாளிகள் பெருகப் பெருகக் கிணறு மேலும் கெட்டிருக்க வேண்டுமே? நோய் ஏன் விரைவிலே தணிந்தது? முதல் நோயாளி யார்?

விடை பழைய ஏட்டிலே கிடைத்தது. 1855ஆம் ஆண்டில் இறப்புப் பதிவுகளை மீண்டும் புரட்டியபோது, புரோட் வீதி 40ஆம் இலக்க வீட்டில் ஐந்து மாதக் குழந்தையொன்று செப்டெம்பர் 2ஆம் நாள் இறந்தமையும், அது சில நாட்களுக்கு முன்னரே வயிற்றோட்டத்தால் வருந்தியமையும் அவர் கண்ணிற் பட்டன. பெருநோய் வெடிக்குமுன் அக்குழந்தை நோயுற்றிருந்தது! அவ்வீடு பம்பிக்கு நேர் அருகில் இருந்தது. வைற்ஹெட் தாயிடம் சென்று கேட்டார். குழந்தையின் துணிகளை அலசிய நீரை வீட்டின் முன்புறத்திலிருந்த மலக்குழியில் ஊற்றியதாக அத்தாய் கூறினார்.

இப்போது தேவைப்பட்டவர் வைத்தியருமல்லர், குருவானவருமல்லர். ஜெகோஷாபற் யோர்க் என்னும் நில அளவையாளர் வந்தார். குழியையும் கிணற்றையும் தோண்டி அளந்தார். மலக்குழியின் செங்கற்சுவர் சிதைந்திருந்தது. அதற்கும் கிணற்றுக்கும் இடையே இருந்த தூரம் 3 அடிக்கும் குறைவு. கழிவு கிணற்றை நோக்கிக் கசிந்தமைக்கான அடையாளம் மண்ணிலே தெரிந்தது.

குழந்தை இறந்தபின் அக்குழிக்கு அக்கழிவு செல்வது நின்றது. கிணறும் மெல்லத் தெளிந்தது. வைற்ஹெட்டின் கேள்விக்கு விடை கிடைத்தது. ஆனால் அக்குழந்தையின் தந்தை நோயுற்றதோ செப்டெம்பர் 8ஆம் நாள். பம்பியின் கைபிடி கழற்றப்பட்டதும் அதே நாளில்தான். அன்று அது கழற்றப்படாதிருப்பின், இரண்டாம் முறையும் அவ்வீதி மரணத்தைக் கண்டிருக்கக்கூடும். முதல் அழிவைக் கைபிடி நிறுத்தியது என்பதைவிட, இரண்டாவது அழிவு வாராமற் காத்தது என்பதே பொருத்தம். இதனை உலகுக்கு விளக்கியவர் ஸ்னோவை மறுக்க வந்த வைற்ஹெட்டே.

ஸ்னோ 1858ஆம் ஆண்டில் தமது 45ஆவது வயதில் மறைந்தார். 1866ஆம் ஆண்டில் கிழக்கு இலண்டனில் மீண்டும் கொலரா வந்தபோது, ஃபார் குடிநீரையே முதலில் ஐயுற்றார். வைற்ஹெட் அந்த விசாரணைக்கும் உதவினார். றொபேட் கொக் என்னும் ஜேர்மானிய அறிஞர் கொலராக் கிருமியைக் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதிப்படுத்தியது அதற்கும் பின்னர், 1884ஆம் ஆண்டிலேதான். கிருமியைக் காணாமலே அதன் வழியை அடைக்க முடிந்தது. அது ஏடும், படியேறிய கால்களும், அயலவரின் நம்பிக்கையும், அளவுகோலும் ஒன்றுசேர்ந்ததால் விளைந்த பயன்.

மனிதருக்குத் தெரியாதபோது

அதே 1854ஆம் ஆண்டில் தென்இலண்டனில் ஸ்னோ நடத்திய மற்றொரு விசாரணையையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். அங்கே ஒரே தெருவிலுள்ள வீடுகளுக்கு இரண்டு கம்பனிகள் நீர் வழங்கின. ஒன்று, தேம்ஸ் நதியில் நகரத்துக் கழிவு கலக்கும் இடத்தில் நீரெடுத்தது. மற்றையது 1852ஆம் ஆண்டில் நதியின் மேற்புறத்துக்கு மாறிவிட்டது. இறந்தவர் வீட்டுக்கு எக்கம்பனி நீர் வந்தது என்று கேட்டால், வாடகைக்கு இருந்த பலருக்குத் தெரியவில்லை. கடல்நீர் வந்து கலக்கும் இடத்து நீரில் உப்பு மிகுதி. ஆகவே ஸ்னோ அந்நீரை எடுத்து வெள்ளி நைத்திரேற்றுச் சேர்த்து உப்பின் அளவைச் சோதித்து, கம்பனியை அறிந்தார். மனிதருக்குத் தெரியாததை நீரிடமே கேட்டார் எனலாம். வேலை மிகுந்தபோது ஜோன் ஜோசப் வைற்றிங் என்னும் இன்னொரு வைத்தியர் வீடுகளைப் பங்கிட்டுக்கொண்டார். முதல் ஏழு வாரங்களில், ஒவ்வொரு 10,000 வீட்டுக்கும் அழுக்குநீர்க் கம்பனியின் பக்கம் 315 மரணங்கள். தூயநீர்க் கம்பனியின் பக்கம் 37 மரணங்கள்.

எங்கள் பயிற்சிக் கொப்பி

இவையெல்லாம் பெரிய அறிஞருக்கே உரியவை என்று எண்ணவேண்டாம். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுற்றபோது, வன்னியிலிருந்து வந்த 250,000 இற்கும் மேற்பட்ட மக்கள் வவுனியாவை அண்டிய முகாம்களில் வைக்கப்பட்டிருந்தனர். யார் உயிரோடிருக்கிறார், யார் எந்த முகாமில் என்பது புறத்தே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. இந்நாட்டிலே ஓர் அறையில் வாழ்ந்த நாங்கள் நால்வர் எங்கள் உறவினரைத் தேடினோம். ஒருவருக்கு வவுனியா நகரில் ஒன்றுவிட்ட தமையன் இருந்தார். ஒருவர் முல்லைத்தீவுப் பகுதிக் குடும்பங்களை நன்கு அறிந்தவர். ஒருவருக்கு இந்நாட்டு மொழி தெரியும். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதுவது அவர் பொறுப்பு. ஆசிரியனாக இருந்தவன் என்பதால் கொப்பி என் கைக்கு வந்தது.

அக்கொப்பியில் ஐந்து நிரல்கள் வரைந்தேன்: தேடப்படுபவரின் பெயர், செய்தி, சொன்னவர் யார், அவர் நேரிற் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா, எந்நாள். ஒருநாள், எங்களுள் ஒருவருடைய தமையனார் இறந்துவிட்டார் என்று மூன்று வெவ்வேறு நாட்டிலிருந்து மூவர் தொலைபேசியிற் கூறினர். மூவர் சொன்னபின் ஐயம் ஏது? வீட்டிலே சுடரேற்றத் தயாராயினர். கொப்பியின் நான்காம் நிரலைப் பார்த்தோம். மூவரும் "கேட்டதே" என்றிருந்தனர். யாரிடம் கேட்டீர்கள் என்று மூவரையும் மீண்டும் அழைத்து வினவியபோது, மூவரும் ஒரே ஆளின் பெயரைச் சொன்னார்கள். அந்த ஒருவரோ, காயப்பட்டுக் கிடந்ததைக் கண்டதாக மட்டுமே கூறினார். மூன்று சாட்சிகள் என்று நாங்கள் எண்ணியது ஒரு சாட்சி. அதுவும் மரணத்துக்குச் சாட்சியன்று. தேடலைத் தொடர்ந்தோம். ஐந்து வாரங்களின் பின் அவர் ஒரு வைத்தியசாலையில் இருப்பது வவுனியாத் தமையன் மூலம் தெரியவந்தது.

எல்லாப் பெயர்களுக்கும் இவ்வாறு விடை கிடைக்கவில்லை. விடை கிடைக்காத பெயர்கள் அக்கொப்பியில் இன்றும் உள்ளன. "தெரியவில்லை" என்று எழுதிய இடத்தில் வேறெதையும் எழுத எங்களுக்கு உரிமையில்லை. ஸ்னோ எழுதிய அந்த 6 பேரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நிரல் நினைவுக்கு வரும்.

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம்மவர் பழமொழி. தீர விசாரிக்க ஒருவர் போதாது என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்வோம்.

கூடித் தேடுவோர்க்குச் சில நெறிகள்

1. கேள்வி ஒன்றாக இருக்கட்டும். தேடப் புறப்படுமுன் அதனை ஒரே வசனத்தில் எழுதுங்கள். நால்வரும் அதனையே எழுதியுள்ளீர்களா என்று பாருங்கள்.

2. பக்கங்களைப் பங்கிடாதீர்கள், கதவுகளைப் பங்கிடுங்கள். நூலகம் செல்பவர் ஒருவர், முதியோரிடம் கேட்பவர் ஒருவர், இணையத்தில் தேடுபவர் ஒருவர், அளந்தும் எண்ணியும் பார்ப்பவர் ஒருவர் என்று அமையட்டும். எவருக்கு எந்தக் கதவு திறக்கும் என்று முதலிற் சிந்தியுங்கள்.

3. ஒரே கொப்பி இருக்கட்டும். சொன்னவர் யார், நேரிற் கண்டாரா, எந்நாள் என்பவற்றைச் செய்தியோடு சேர்த்தே எழுதுங்கள். பலர் சொல்வது ஒரே ஊற்றிலிருந்து வருகின்றதா என்று பாருங்கள்.

4. உங்கள் கருத்துக்குப் பொருந்தாத பத்து வீடுகளுக்கே முதலிற் செல்லுங்கள். நிகழாத இடத்தையும் விசாரியுங்கள்.

5. குழுவில் மறுப்பவர் ஒருவர் இருந்தால் அவரைப் போற்றுங்கள். அவரை வாயடைக்கச் செய்யாது, "சரி, பொய்யென்று காட்டும்" என்று அனுப்பிவையுங்கள். அவரும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளும் நேர்மை உடையவராக இருத்தல் வேண்டும்.

6. ஒருமுறை கேட்டதோடு நில்லாதீர்கள். மீண்டும் செல்லுங்கள். நினைவு மெதுவாகவே வரும்.

இவ்வாண்டுக்கான ஒப்படை

"எங்கள் அம்மம்மா, அப்பப்பா வாழ்ந்த ஊரில் குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது?" இதுவே இவ்வாண்டுக் கேள்வி.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. அதே வெடிப்புகளினூடே அழுக்கும் எளிதில் இறங்கும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடைத்தூரம் வேண்டும் என்று நம் பெரியோர் வற்புறுத்தியதன் காரணம் புரோட் வீதிக் கதையைக் கற்ற உங்களுக்கு விளங்கும். எவ்வூரில் நல்ல தண்ணீர், எவ்வூரில் உவர்த் தண்ணீர், குடிக்க ஒரு கிணறு குளிக்க ஒரு கிணறு என்று இருந்ததா, துலா மிதித்து இறைத்தவர் யார், அயலவருக்கு எக்கிணறு பொதுவாக இருந்தது, எக்கிணற்றில் எவரை அள்ளவிடவில்லை? இக்கடைசிக் கேள்வியையும் தயங்காமற் கேளுங்கள். வேறு மாவட்டத்தாரும் மலையகத்தாரும் தத்தம் ஊரின் குளத்தையும் பீலியையும் பற்றிக் கேட்கலாம்.

ஒருவர் ஊர்ப்படம் வரையுங்கள். ஒருவர் அம்மம்மாவிடம் கேளுங்கள். இன்னொருவர் அதே ஊரைச் சேர்ந்த, உறவல்லாத ஒரு முதியவரிடம் கேளுங்கள். இருவர் கூறுவதும் முரண்பட்டால் மகிழுங்கள். அங்கேதான் தேடல் தொடங்குகின்றது. நான்காமவர் மறுப்பவராக இருக்கட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடையை நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைகளை முதியோரிடம் அழைத்துச் செல்லுங்கள், அதுவே போதும். அம்முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். அவர்களிடமுள்ளவற்றை இன்று கேளாவிடின், அவற்றை எந்தக் கணினியிலும் நாளை காணமுடியாது.

புரோட் வீதி இன்று புரோட்விக் வீதி என வழங்குகின்றது. அங்கே 1992ஆம் ஆண்டில் நினைவுப் பம்பி ஒன்று நிறுவப்பட்டது. கைபிடியில்லாத அப்பம்பியைக் காண வாய்ப்புக் கிடைப்பின், ஸ்னோவை மட்டுமன்றி, ஏட்டைத் திறந்தவரையும், மறுக்க வந்தவரையும், மண்ணை அளந்தவரையும், துயரின் நடுவிலும் உண்மையைச் சொன்ன அத்தாயையும் நினைத்துக்கொள்ளுங்கள். அது அவர்கள் அனைவரதும் தேடிய தேட்டம்.

அருஞ்சொற்கள்

முதுசம் – முன்னோர் வழிவந்த சொத்து
தேட்டம் – முயன்று ஈட்டிய பொருள்
ஒப்படை – ஆசிரியர் செய்துவரத் தரும் வேலை
நிரல் – மேலிருந்து கீழாக அமைந்த வரிசை
பெறாமகள் – உடன்பிறந்தாரின் மகள்
துலா – கிணற்றிலிருந்து நீரிறைக்க உதவும் நீண்ட மரம்
பீலி – மலையருவி நீர் வந்து விழும் குழாய்

சிந்திக்க

1. பியர் ஆலையில் ஒருவரும் இறவாமை ஸ்னோவுக்கு ஏன் முக்கியமாயிற்று?
2. வைற்ஹெட் ஸ்னோவை முதலிலேயே நம்பியிருந்தால் அத்தேடலில் எது கிடைக்காது போயிருக்கும்?
3. மூவர் கூறிய ஒரு செய்தி எப்போது ஒருவர் கூறியதாகவே கொள்ளப்படும்?
4. உங்கள் குழுவில் உள்ள நால்வருக்கும் திறக்கக்கூடிய நான்கு வெவ்வேறு கதவுகளை எழுதுக.